வாசலில் நிற்கிறவள்

என் கதாநாயகி ஆறு வாரமாகக் கையில் பையோடு வாசலிலேயே நிற்கிறாள். வெளியே போகவும் இல்லை, உள்ளே திரும்பவும் இல்லை. அத்தனை நாள் பையைத் தூக்கிக்கொண்டு நின்றால் யாருக்கும் தோள்பட்டை கழன்றுவிடும். எக்ஸ்ரே எடுக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் அவளை அங்கே நிற்க வைத்தது நான் இல்லை. என் வீட்டுக்காரர்.

அவர் பஸ் டெப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே பழகிய மனுஷன். நானோ ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவே, போனில் ஒரு செயலியில், என் பாட்டுக்கு ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். நாலு பேர் படித்தபோது அவர் கண்டுகொள்ளவே இல்லை. நாலாயிரம் பேர் படிக்கிறார்கள் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"கதையை நீ எழுது. எப்ப வெளியிடணுங்கிறத எங்கிட்ட விடு."

செவ்வாய், வெள்ளி, சாயங்காலம் ஏழு மணி. அப்போதுதான் ஜனங்கள் வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து போனைக் கையில் எடுப்பார்களாம். சரியாகத்தான் சொன்னார், படிக்கிறவர்களும் கூடினார்கள். அதில்தான் நான் ஏமாந்தேன். பாஸ்வேர்டைக் கொடுத்தேன், அவர் அதை மாற்றிக்கொண்டார். "வேலையும் கதையும் சேர்ந்தாப்ல முடியாது. சம்பளமில்லாத லீவு போடு. கதை முடிஞ்ச மறுநாளே வேலைக்குப் போ," என்றார். அதையும் போட்டேன். மடச்சி!

கதையை நான் எழுதி முடித்து எவ்வளவோ நாளாகிவிட்டது. அவள் பையை எடுக்கிறாள், கதவைத் திறக்கிறாள், போகிறாள். ஒரே அத்தியாயம். அதை அவர் வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி நறுக்கிப் போடுகிறார். ஒரு வாரம் அவள் பையைத் தூக்கினாள். மறுவாரம் செருப்பைத் தேடினாள். அப்புறம், கதையிலேயே இல்லாத மழையைப் பெய்ய வைக்கச் சொன்னார். "மழை பெஞ்சா ரெண்டு வாரம் ஓட்டலாம்." எழுதிக் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். வீடோ சின்னது, அந்த மூஞ்சிக்குப் பயந்து ஒதுங்க இன்னொரு அறை கிடையாது.

போன வாரம் எக்ஸ்ரே பிரிவின் சீனியர் அக்கா கூப்பிட்டார். "திங்கக்கிழமை காலைல வந்து சேர்ந்துடு. இல்லன்னா உன் இடத்துல வேற ஆளப் போட்டுடுவாங்க. என்னால அதுக்கு மேல இழுக்க முடியாதும்மா."

வீட்டுக்காரரிடம் போய்க் கெஞ்சினேன். "என்னங்க, இந்த வெள்ளிக்கிழமையே முடிச்சிடலாம்ங்க."

"முடிக்கிறதா? இதப் பாரு." போனை நீட்டினார். பொறுமைசாலி என்று ஒரு ஆசாமி. எந்த அத்தியாயம் வந்தாலும் முதல் கருத்து அந்த ஆளுடையதுதான். 'இந்தக் கதை முடியவே வேண்டாம். அவள் அங்கேயே இருக்கட்டும்.' அதன் கீழே நூறு பேர் ஆமாம், ஆமாம் என்று பஜனை பாடியிருந்தார்கள். "இவ்வளவு பேரு கேக்கும்போது எவனாவது முடிப்பானா?"

அந்தப் பொறுமைசாலி மட்டும் கையில் கிடைத்தால் கழுத்தை நெரித்துவிடலாம் என்றிருந்தது எனக்கு.

சனிக்கிழமை அந்த ஆசாமி கையில் கிடைத்தே விட்டார். என் மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். மூட்டுவலி. மூன்றாவது மாடியை விட்டுக் கீழே இறங்குவதே இல்லை. அன்றைக்குத் தன் போனை என்னிடம் நீட்டினார். "எழுத்தெல்லாம் பொடிப்பொடியா தெரியுது. கொஞ்சம் பெருசு பண்ணிக் குடும்மா." வாங்கிப் பார்த்தால் திரையில் என் கதை. மூலையில் படிக்கிறவரின் பெயர், பொறுமைசாலி.

"அத்தை! இது நீங்களா?"

"ஏன், பேரு நல்லாத்தான இருக்கு?" பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னார்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே அத்தை!"

கத்தி நின்றது. "கதை முடிஞ்சா நீ வேலைக்குப் போயிடுவ. அவன் டெப்போவுக்குப் போயிடுவான். விடிஞ்சா அடைஞ்சா நான் யாரோட பேசுறது? இந்தச் சுவத்தோடயா? நீ வீட்ல இருக்கிற இந்தக் கொஞ்ச நாளாத்தான் எனக்குச் சோறே இறங்குது."

கோபம் போகவில்லை. ஆனால் திட்ட வாய் வரவில்லை. இந்த வீட்டில் அடைபட்டுக் கிடப்பது நான் ஒருத்திதான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மேலேயே எனக்கு வெறுப்பாக வந்தது.

அத்தையே கேட்டார். "முடிவ மட்டும் சொல்லேன். அவ என்னதான் பண்றா?"

"போயிடுறா அத்தை. வேலைக்கு."

"திரும்பி வருவாளா?"

"அத நான் எழுதல."

அத்தை மறுபடியும் பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை காலை பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்காரர் வாசலை அடைத்துக்கொண்டு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். "எங்க கிளம்பிட்ட? கடைசி அத்தியாயத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. கதை முடிஞ்சாத்தான்னு பேச்சு."

வெட்கக்கேடு, என் கால் நகரவில்லை. அவரைத் தள்ளிவிட்டுப் போக வேண்டும் என்று மனசு சொல்கிறது, கால் கேட்கவில்லை. நானே எழுதிய பெண்ணைப் போலப் பையோடு நின்றுகொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் எட்டரை ஆகிக்கொண்டிருந்தது.

"எனக்கு முடிஞ்சு போச்சுடா," என்று சமையலறையிலிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"என்னம்மா முடிஞ்சு போச்சு?"

"கதைதான். முடிவ அவ எங்கிட்ட சொல்லிட்டா. பொறுமைசாலி படிச்சு முடிச்சாச்சு. எந்திரி, அவளுக்கு வழிய விடு."

அவர் ஒரு கையில் லேஸோடு வாயைப் பிளந்தார். "நீதானா அது?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் இரண்டு மாடி இறங்கியிருந்தேன்.

பதினொரு மணிக்கு டீ குடிக்க விட்டார்கள். எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை அத்தியாயத்தின் கீழே புதிதாக ஒரு கருத்து. பொறுமைசாலி எழுதியிருந்தார். 'அவள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாளா?'

பதில் எழுதலாம் என்றால் என் கணக்கு வீட்டுக்காரர் கையில். அதனால் நானும் ஒரு வாசகியாகப் புதிதாகச் சேர்ந்தேன், என் கதைக்கே. 'சேர்ந்துவிட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வந்துவிடுவாள். காபியைச் சேர்ந்தே குடிக்கலாம்,' என்று எழுதினேன்.

நாலாயிரம் பேர் காத்திருந்த முடிவை இப்படிப் போட்டு உடைத்துவிட்டேன். அதுவும் திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்கு. ஒருத்தரும் படிக்காத நேரம் என்று என் வீட்டுக்காரர் அடித்துச் சொல்வார்.

டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. 'சரிம்மா.'