பேசாமல் இருந்த ஒரு நிமிடம்

ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புகளை எடுக்கும் வேலை அவளுக்கு. பதினொரு வருடமாகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதிர்முனையில் அழுகிறவர்களை அதட்டி, தேற்றி, எப்படியாவது முகவரியை வாங்கிவிடுவாள். வாய் ஓயாது. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'ரேடியோ'.

தினமும் கிளம்பும் முன் சமையலறை மேசையில் பைபிளைத் திறந்து ஒரு பகுதியைச் சத்தமாக வாசிப்பாள். தேடி எடுப்பதில்லை, நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று. அதில் ஒரு காரியத்தைப் பிடித்துக்கொண்டு அன்று முழுக்க அதன்படி நடந்து பார்ப்பாள். சில நாள் நடக்கும். பல நாள் பத்து மணிக்குள் மறந்துபோகும்.

அன்று யாக்கோபின் நிருபம், அந்தக் காலத்தில் அவர் எழுதிய கடிதம். கேட்பதில் வேகமும் பேசுவதில் நிதானமும் வேண்டும் என்ற இடம் வந்ததும், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கணவன் இருமினான்.

"என்ன இருமல்?"

"ஒண்ணுமில்ல. உன் பேருக்கே லெட்டர் போட்ட மாதிரி இருக்கு."

சிரிப்பு வந்தது. கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. "சரி, இன்னிக்கு வாயைக் கட்டிப் பார்க்கிறேன்" என்றாள்.

மதியம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் அழைப்பு. வீட்டுத் தொலைபேசி என்பதால் முகவரி திரையில் தெரிந்தது. ஆனால் யாரும் பேசவில்லை.

இப்படி நாளைக்கு முப்பது, நாற்பது வரும். பெரும்பாலும் குழந்தைகள் விளையாட்டு. மூன்று முறை கேட்டுவிட்டுத் துண்டிக்கலாம் என்பது விதி. அவள் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டு முடிக்கிறவள்.

"சொல்லுங்க, என்ன உதவி வேணும்?"

இரண்டாம் முறை கேட்க வாயைத் திறந்தவள், காலையில் வாசித்தது நினைவுக்கு வர, மூடிக்கொண்டாள். ஹெட்போனைக் காதோடு அழுத்திக் கண்ணையும் மூடினாள்.

முதலில் மின்விசிறியின் கிறீச். பிறகு எங்கோ குழாய் சொட்டியது. அதற்கும் அடியில், மிக மெல்ல, எதுவோ தரையில் உரசியது. நின்றது. மறுபடி உரசியது.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"நான் பேசுறது கேக்குதுன்னா ஒரு தடவை தட்டுங்க."

காத்திருந்தாள். பக்கத்து இருக்கைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். ரேடியோ இவ்வளவு நேரம் சும்மா இருந்து அந்த அறையில் யாரும் பார்த்ததில்லை.

டொக்.

"பேச முடியலையா?"

டொக்.

"கீழ விழுந்துட்டீங்களா?"

டொக்.

மறுகையால் கணினியில் தட்டி, திரையில் இருந்த முகவரிக்கு வண்டியை அனுப்பிவிட்டுச் சொன்னாள்: "பயப்படாதீங்க. வண்டி கிளம்பிருச்சு. நான் இங்கேயேதான் இருக்கேன்."

ஒன்பது நிமிடம். அவ்வப்போது ஒரு டொக். நடுவில் வெகுநேரம் ஒன்றுமில்லை. கடைசியில் கதவு உடைபடும் சத்தமும் ஆட்களின் குரலும் கேட்டன.

வேலை முடியும் நேரத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் போனில் கூப்பிட்டான். "அக்கா, மத்தியானம் நீங்க அனுப்பின வீட்டுல இருந்தவருக்குப் பக்கவாதம். வாய் இழுத்துக்கிச்சு, குரலே வரல. போன் பக்கத்துல விழுந்து கிடந்து மோதிரத்தால தட்டியிருக்கார். நேரத்தோட வந்ததால பிழைச்சுக்குவார்னு டாக்டர் சொல்றார். எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலப்பா. சும்மா இருந்தேன்."

"நீங்களா?"

சிரிக்க முடியவில்லை. மாடிப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். எத்தனையோ தடவை வாசித்த வரிதான். நல்ல பழக்கத்துக்குச் சொன்னது என்றே இதுவரை நினைத்திருந்தாள். தொலைபேசி என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில் ஒருவர் எழுதிவைத்தது, இன்று மதியம் ஒரு மனிதனின் உயிரைக் காத்திருக்கிறது. இதுவரை அவசரமாகத் துண்டித்த அழைப்புகளும் நினைவுக்கு வந்தன. கண் கலங்கியது.

படியேறி வந்த காவலாளி நின்றார். "உடம்பு சரியில்லையாம்மா?"

"நல்லாத்தான் இருக்கேண்ணே. கொஞ்சம் பயமா இருக்கு."

"எதுக்கு?"

காலையில் வாசித்த வரியை அவள் மனதுக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தாள். அது ஓடி ஒளியச் சொல்கிற பயம் இல்லை, மண்டியிடச் சொல்கிற பயம் என்று மட்டும் தெரிந்தது.