பதினான்காம் பாகம்

மெஹராஜ் பேகம் கடைசியாகச் செய்தது, ஷார்ஜாவில் இருக்கும் எங்கள் மகன் ஹம்தானுக்கு வீடியோ காலில் மின்விசிறியைக் காட்டியதுதான். அவள் போனைப் பிடிக்கிற பிடியில் என்றைக்கும் மின்விசிறியும் பாதி நெற்றியும்தான் தெரியும். முகத்தைக் காட்டச் சொல்லி அவன் கெஞ்சினான். இதற்குமேல் காட்ட என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மதியம் லுஹர் தொழுது படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அடக்கத்துக்கு மறுநாள் வீடு நிறைய ஆட்கள். சத்தம் மட்டும் இல்லை. எங்கு பார்த்தாலும் குனிந்த தலைகள். துக்கம் என்று நினைத்தேன். பக்கத்தில் போனால் கட்டைவிரல்கள் நகர்ந்துகொண்டிருந்தன.

எங்களில் ஒரு மௌத், ஒரு சாவு என்றால், குர்ஆனின் முப்பது பாகங்களையும் ஆளுக்கொன்றாகப் பிரித்து, பாயில் உட்கார்ந்து ஓதி முடிப்பார்கள். அதற்குக் கத்தம் என்று பெயர். எல்லோரும் ஒரே நேரத்தில் ஓதும்போது நெல் மில் ஓடுவதுபோல வீடே இரையும். மெஹராஜ் ஊரில் யார் வீட்டு மௌத்துக்கும் போய் உட்கார்ந்து ஓதியவள். அவளுக்காக அந்த இரைச்சலை ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது எனக்கு.

அவள் தம்பி பாசித் கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினும் அவன்தான். முப்பது எண்களைப் போட்டு, வேண்டிய பாகத்துக்கு எதிரே பெயர் எழுதச் சொன்னான். ஷார்ஜா, கோலாலம்பூர், மண்ணடி என்று பெயர்கள் விழுந்தன. பக்கத்து அறையில் இருந்தவரும் அதில்தான் பெயர் கொடுத்தார். பிறகு பச்சை டிக்குகள். சாயங்கால அஸர் தொழுகைக்குள் ‘கத்தம் நிறைவு’ என்று பாசித் அறிவித்தான். ரோஜாக்கள் குவிந்தன. பழக்கதோஷத்தில் ஒருவர் பிறந்தநாள் கேக்கை அனுப்பி, அவசரமாக அழித்தார்.

வாத்தியாராக இருந்தவன் நான், பட்டியலைத் திருத்தாமல் விடமுடியவில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் நகலெடுத்து ஒட்டியதில் பதினான்காம் பாகத்துக்கு எதிரே பெயர் விடுபட்டிருந்தது. ‘பதினான்கை யாரும் ஓதவில்லை’ என்று குழுவில் எழுதினேன். வரிசையாகக் கட்டைவிரல்கள் உயர்ந்தன.

நானே ஓதியிருக்கலாம். ஆனால் ஒற்றைக் குரல் அந்த வீட்டில் இனிமேல் தினமும் கேட்கப்போகிறதுதானே.

எழுந்துபோய் வைஃபை பிளக்கைப் பிடுங்கினேன்.

தலைகள் நிமிர்ந்தன. சில முகங்களை அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். எங்கள் ஊரில் மற்றபடி சிக்னல் கிடைப்பது வாய்க்கால் கரையில்தான். பாதிப் பேர் செருப்பைத் தேடினார்கள்.

“நெட் போச்சா மச்சான்?” என்றான் பாசித்.

“நான்தான் பிடுங்கினேன்.”

“ஏன்?”

“உங்கக்காவுக்கு இப்ப நெட் இல்ல. பதினாலு பாக்கி இருக்கு. வாய்விட்டு ஓது.”

அவன் போனைப் பையில் போட்டான். பதினான்காம் பாகத்தை எடுத்துவந்து உட்கார்ந்தான். பழக்கம் விட்டுப்போய்த் திணறினான். பக்கம் முடிந்ததும் அவன் விரல் தன்பாட்டில் காகிதத்தை மேலே தள்ளிப் பார்த்தது. உள்ளறையிலிருந்து என் மகள் ஹஃப்ஸா திருத்திக்கொண்டே கூடவே ஓத ஆரம்பித்தாள். பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். செருப்பு மாட்டியவர்களில் நாலைந்து பேர் கழற்றிவிட்டு வந்தார்கள். மில் அளவுக்கு இல்லை, தையல் மிஷின் அளவுக்கு இரைந்தது. ஒருவர் ஸ்டேட்டஸில் வைப்பதற்காக அதையும் படம் பிடித்தார்.

மறுநாள் ஹஃப்ஸா பிளக்கை மாட்டினாள். குழுவில் பதினான்காம் எண்ணுக்கு எதிரே இன்னும் பெயர் இல்லை.