அம்புக்குறிக்குக் காவல்

திரையில் வெள்ளை அம்புக்குறி தானாக நகர்ந்துகொண்டிருந்தது. கொளஞ்சி வலது காலை ஸ்டூலின் மேல் நீட்டி வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடினால் அவருக்கு வேலையில்லை. நின்றால்தான் வேலை. கரண்ட் போனதா, இன்வர்ட்டர் எடுத்துக்கொண்டதா, இணையப் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று எழுந்து பார்க்க வேண்டும். பதினோரு மாதமாக, மதியம் ஒரு மணிக்கு உட்கார்ந்தால் பத்து வரைக்கும் இதே காவல்.

அம்பை நகர்த்துகிற ராஜவேல் லிஸ்பனில் இருந்தான். அதற்கு முன்னால் வேறு ஊர், அதற்கும் முன்னால் வேறு நாடு. பெங்களூர் கம்பெனியைப் பொறுத்தவரை அவன் சிதம்பரத்தில், அப்பா விட்டுப்போன வீட்டின் மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறான். கம்பெனி லேப்டாப்பை வெளிநாட்டில் திறந்தால் மாட்டிக்கொள்வான். அதனால் அது இங்கேயே இருந்தது. அங்கிருந்தபடி தன் சொந்த லேப்டாப் வழியாக இதை ஓட்டினான். மூன்று தடவை விளக்கியும் கொளஞ்சிக்குப் பாதிதான் ஏறியது.

"அப்ப நீ வேலைக்கு வந்துட்டியா, வரலியா தம்பி?"

"வந்த மாதிரி மாமா."

திருப்பாதிரிப்புலியூர் லேத் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் நின்றே வேலை செய்து முழங்கால் தேய்ந்தவர் கொளஞ்சி. முதலாளி மெஷின்களை விற்றுவிட்டுப் போனபின், இந்தக் காலோடு யாரும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ராஜவேல் கொடுத்தது உட்கார்ந்து பார்க்கிற வேலை. கூடவே பின்கட்டில் வாடகையில்லாமல் ஓர் அறை. "பேய்க்குக் காவல் இருக்கற உத்தியோகம்" என்று மனைவி புஷ்பவள்ளி கேலி பேசுவாள். ஆனால் அந்த அறைக்குப் போட்டுக்கொள்ள நல்ல பூட்டாக அவளேதான் பார்த்து வாங்கி வந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. பட்டறையில் என்ன செய்வாரோ அதையே கொளஞ்சி செய்தார். லேப்டாப்பை நிறுத்தினார், ஈரத்துணியால் துடைத்தார், மூடியின்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் கிடத்தினார். தொழிலுக்கு அதுவும் உதவுகிறதே என்று தன் போனையும் பக்கத்தில் பொரித்தட்டில் வைத்தார். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அன்றைக்கு லீவு கிடையாது என்று ராஜவேல் சொல்லியிருக்கவில்லை. இவரும் கேட்கவில்லை. ஆயுத பூஜையன்று மெஷினை நிறுத்தட்டுமா என்று எவனாவது கேட்பானா?

மதியத்திலிருந்து போன் பொரித்தட்டை ஆட்டி ஆட்டி அடித்தது.

"எடுத்துத்தான் பாருங்களேன்" என்றாள் புஷ்பவள்ளி.

"பூஜையில வச்சத விடிஞ்சாதான் எடுக்கணும். வாழ்த்து சொல்லக் கூப்புடறான் போல."

மூன்றாம் நாள் ராஜவேலே வந்து நின்றான். தாடி, முதுகில் பை, கழற்றாத குளிர்ச்சட்டை. பதற்றத்தில் அங்கிருந்தே தன் சொந்த லேப்டாப்பில் நேராகக் கம்பெனிக் கணக்குக்குள் நுழைந்திருக்கிறான். அவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்பதை அது காட்டிக்கொடுத்துவிட்டது. சாயங்காலம் வீடியோவில் விசாரணை. அவன் திட்டவில்லை. கொளஞ்சிக்குப் பழச்சாறு வாங்கி வந்திருந்தான். அதுதான் அவருக்கு என்னவோபோல் இருந்தது.

"நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப நீங்க இத ரிப்பேர் கடையில குடுத்துட்டீங்க. அங்கேருந்து பாஸ்வேர்ட் வெளிய போயிடுச்சு. அப்படின்னு சொல்லிக்கறேன் மாமா."

"எந்தக் கடையில குடுத்தேன்?"

"எங்கயும் குடுக்கல."

"அப்பறம் இன்னாத்துக்கு?"

"என் வேலை தப்பிச்சாதான் ஒங்க வேலையும் தப்பிக்கும்."

கொளஞ்சி முழங்காலைத் தடவிக்கொண்டார். எதைக் குடுத்தோம், எதைக் குடுக்கவில்லை என்பது அவருக்கே குழம்பியது. கடைசிக் கணக்கில் மட்டும் குழப்பம் இல்லை. தலையாட்டினார்.

விசாரணைக்கு இருந்த ஒரே நாற்காலியில் ராஜவேல் உட்கார்ந்தான். கொளஞ்சி சுவரைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். திரையில் ஒரு பெண் அதிகாரி, பெங்களூரிலிருந்து. அவள் இங்கிலீஷில் கேட்டதை ராஜவேல் கொளஞ்சியிடம் தமிழில் கேட்டான்.

"இத நீங்க தொட்டீங்களான்னு கேக்கறாங்க."

"தொடச்சேன். பொட்டு வச்சேன். வேறொண்ணும் பண்ணலம்மா."

ராஜவேல் ஒரு நிமிஷத்துக்கு மேல் இங்கிலீஷ் பேசினான். அதில் கொளஞ்சி என்ற பெயர் மூன்று முறை வந்தது.

"அவ்ளோவா சொன்னேன்?"

"அவ்ளோதான் மாமா" என்றான் திரும்பாமல்.

அவள் எதையோ எழுதிக்கொண்டாள். பிறகு விரலை ஆட்டி நீளமாகப் பேசினாள். ராஜவேல் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். தோள் இறங்கி, முகத்தில் ரத்தம் வந்தது. வேலை தப்பித்துவிட்டது என்று கொளஞ்சிக்கு அந்தத் தோளைப் பார்த்தே தெரிந்தது. அவருக்கும் மூச்சு வந்தது.

"டுடே இட்செல்ஃப் மேம்" என்றான் ராஜவேல் கடைசியாக.

"இன்னாப்பா இன்னிக்கே?"

"வெளியாளு யாரும் இந்த வீட்டுல தங்கக் கூடாதாம் மாமா. பின்கட்டும் சேத்துதான். நான் ரெண்டு நாள் கேக்கலாம்னுதான் பாத்தேன்."

அவன் கேட்டதாக அவர் காதில் விழவில்லை. இங்கிலீஷில் கேட்டிருப்பானோ என்னவோ. அதற்குள் அந்தப் பெண் மறுபடி ஏதோ சொன்னாள். ஆதார் அட்டையை எடுக்கச் சொல்கிறாள், பதிவுக்கு ஒரு போட்டோ வேண்டுமாம் என்றான் ராஜவேல்.

ராஜவேல் நாற்காலியோடு நகர்ந்து, கேமராவில் தெரியாதபடி வெளியே போனான். கொளஞ்சி மடங்காத காலைப் பக்கவாட்டில் நீட்டி, ஒரு கையால் மேஜையை ஊன்றிக் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"இன்னுங் கொஞ்சம் மேல மாமா" என்றது வெளியிலிருந்து குரல். "பேரு தெரியற மாதிரி."