பைக்குள் பதினோரு நாள்

காற்றை அளக்கும் பெட்டிக்குப் பையை மாட்டியவன் நான்தான். சலவைக்கடையில் கோட்டை மாட்டித் தருவார்களே, அந்த நீளமான பிளாஸ்டிக் பை. பெட்டி இருக்கும் கம்பத்துக்கு அன்று பெயிண்ட் அடித்தார்கள். கருவிக்குள் பெயிண்ட் வாடை புகுந்துவிடக் கூடாதே என்று, வாழ்நாளில் முதல்முறையாகப் பொறுப்பாக நடந்துகொண்டேன். ஏணி போட்டு ஏறி, சணலால் மூன்று முடிச்சு. பெயிண்ட் மறுநாளே காய்ந்துவிட்டது. பை பதினோரு நாள் இருந்தது.

அதில் பத்து நாட்கள்தான் நகராட்சி அந்தக் கடைத்தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டுப் பரிசோதனை நடத்தியது. கார் இல்லை, வேன் இல்லை, நடந்து போ, இல்லாவிட்டால் சைக்கிளில் போ. காற்று சுத்தமானால் தெருவை நிரந்தரமாக அப்படியே வைத்துவிடலாம் என்று யோசனை. காற்றில் எவ்வளவு மாசு என்று சொல்லும், கம்பத்தில் இருந்த எண் பலகை எப்போதும் நூற்று நாற்பது காட்டும். முதல் நாளே பன்னிரண்டுக்கு இறங்கியது. பன்னிரண்டு என்பது மலை உச்சியில் தனியாக ஆடு மேய்ப்பவனுக்குக் கிடைக்கிற காற்று. நாங்கள் கைதட்டினோம். நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

பரிசோதனை முடிந்து வண்டிகள் திரும்பிவிட்ட பிறகு செய்தித்தாளில் படம் வந்தது. பலகையின் கீழே அதிகாரிகள் சிரிக்கிறார்கள். ஓரத்தில் நான். எல்லோர் தலைக்கும் மேலே, காற்று நிரம்பி, தொப்பை மாதிரி உப்பிக்கொண்டு என் பை. பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் நுரையை விழுங்கிவிட்டேன்.

பையைக் கழற்றி, மடித்து, எங்கள் பிரிவின் பொறியாளர் மேடத்தின் மேசையில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். தெளிவாகப் பார்க்க விரும்பவில்லை போலிருக்கிறது.

“அப்போ பத்து நாளும் உங்க மெஷின் எதை அளந்துச்சு?”

“பைக்குள்ள இருந்த காத்தை மேடம்.”

“தெருவுல காத்து சுத்தமாச்சா, ஆகலையா?”

“தெரியல மேடம்.”

“ஆகலைன்னு சொல்றீங்களா?”

“அப்படிச் சொல்லல மேடம்.”

“ஆச்சுன்னு சொல்றீங்களா?”

“அப்படியும் சொல்லல.”

“பின்ன எதுக்கு வாயைத் திறக்கறீங்க?” அவர் பையை என் பக்கம் தள்ளினார். “வெள்ளிக்கிழமை கூட்டம். பையை மறைக்க முடியாது. பையை மட்டும் சொன்னா, சிரிச்சுட்டு இந்தத் திட்டத்தையே மூட்டை கட்டிடுவாங்க. அந்தப் பத்து நாளும் ஒழுங்கா எதையாவது பார்த்தவங்க ஒருத்தரையாவது கூட்டிட்டு வாங்க.”

கையில் இரண்டு நாள். என் மூக்கை நம்பலாமென்றால், அது பிறந்ததிலிருந்து அடைப்பு. காற்றுப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தபோது வீட்டிலேயே சிரித்தார்கள். தெருவில் இறங்கிக் கடை கடையாக விசாரித்தேன்.

மருந்துக்கடைக்காரர், “இருமல் மருந்து பாதிதான் வித்துச்சு” என்றார். எனக்கு உயிர் வந்தது. “ஆனா எல்லா மருந்துமே பாதிதான் வித்துச்சு, தம்பி. காருல வர்றவங்க வரலையே.” வந்த உயிர் போய்விட்டது.

சைக்கிள் கடைக்காரர் வாயெல்லாம் பல். “சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம் சார்! எங்க கையெழுத்து போடணும்?” அந்தப் பத்து நாளும் தினம் நான்கு சைக்கிள் விற்றிருந்தார்.

சோபா விற்பவர், “காத்தா? என் கடைதான் பத்து நாளா காத்து வாங்குச்சு” என்று சொல்லிவிட்டு, நான் உட்கார்ந்திருந்த சோபாவைத் துடைக்க ஆரம்பித்தார். எழுந்துவிட்டேன்.

லாபம் பார்த்தவருக்குக் காற்று சுத்தம், நஷ்டப்பட்டவருக்கு அதே காற்று நாற்றம். இதை வைத்துக்கொண்டு கூட்டத்தில் என்ன சொல்வது? குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பார்கள் என்பார்கள். என் குட்டையில் மீனே இல்லை.

தெருவில் பாக்கி இருந்தது ஒரே கடை. என் அக்காவின் சலவைக்கடை. வேண்டுமென்றே கடைசியாக வைத்திருந்தேன். தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகள்தான் அவளுக்குப் பிழைப்பு. அந்தப் பத்து நாளும் வேன் தெருமுனையிலேயே நின்றுவிட்டதால், ஈர மூட்டையும் காய்ந்த மூட்டையும் தோளிலேயே போய் வந்தன. ஒரு விடுதி வேறு கடைக்கே மாறிவிட்டது. அவள் என்ன சொல்வாள் என்று கேட்கவே வேண்டாம்.

உள்ளே நுழைந்ததும் என் கையைத்தான் பார்த்தாள். “இது என் கடைப் பையாச்சே?”

சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை. “ஏன்டா, பெட்டிக்கு சளி பிடிக்கும்னு போர்த்தி விட்டியா? உனக்கு வேலை குடுத்தவனைத் தேடிட்டிருக்கேன்.”

“அக்கா, காத்து எப்படி இருந்துச்சு? எல்லாரையும் கேட்டுட்டேன், தலையும் புரியல வாலும் புரியல. உன் நிலைமை எனக்குத் தெரியும். மூட்டை தூக்கித் தூக்கி உன் தோள்...”

“தோளைப் பத்தியா கேட்டே?”

“இல்ல.”

“கடையைப் பத்தி?”

“இல்ல.”

“அப்போ குறுக்க பேசாதே. தோளுக்கும் கடைக்கும் வெள்ளிக்கிழமை நானே வந்து பேசிக்கறேன். முனையிலேர்ந்து மூட்டை தள்ள ஒரு வண்டி குடுக்காம தெருவை மூடினா, அந்தக் கூட்டத்தை நடக்க விட மாட்டேன். அது என் பாடு.”

மாடிப்படியில் கிடந்த ஈரத்துணியை எடுத்து என் முன்னால் போட்டாள். கன்னங்கரேலென்று இருந்தது.

“மாடியில விரிப்பு காயப்போடறதுக்கு முன்னாடி தினமும் கொடிக்கயித்தைத் துடைப்பேன். இது இன்னிக்குத் துடைச்சது. மூணு தடவை துடைச்சாத்தான் கயிறு கயிறா இருக்கும். பதினெட்டு வருஷமா இதே மூணு தடவை. வண்டி நின்னு நாலாவது நாள்லேர்ந்து ஒரு தடவை போதும். நடுவுல ஒருநாள் குழாய் வேலைக்கு லாரி வந்து நின்னுச்சு, அன்னிக்கு மறுபடியும் மூணு. உன் போர்டு சொன்ன பன்னிரண்டெல்லாம் பொய். ஆனா காத்து சுத்தமாச்சுடா. நல்லாவே ஆச்சு.”