இரண்டாவது சுற்று

எனக்குக் கோபம் வந்தால் ஊருக்கே தெரியும் என்பார்கள். தெரியட்டும். இந்தப் பொங்கலுக்கு எங்கள் ஊர் இளைஞர் மன்றம் ஒட்டிய விளையாட்டுப் போட்டி நோட்டீஸைப் பார்த்தபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆண்களுக்குக் கபடி, வாலிபால், ஓட்டம், கயிறு இழுத்தல் என்று நோட்டீஸ் நிறைய. பெண்களுக்குக் கோலம், லெமன் ஸ்பூன், மியூசிக்கல் சேர். நாற்காலியைச் சுற்றி ஓடுவதுதான் எங்களுக்கு விதித்த ஓட்டம் போலிருக்கிறது.

என் மகள் அன்புமொழி ஒன்பதாவது படிக்கிறாள். விடிவதற்குள் எழுந்து கீரமங்கலம் ரோட்டில் ஓடுகிறவள். அடுத்த வாரம் புதுக்கோட்டையில் மாவட்டப் போட்டி, எண்ணூறு மீட்டர்.

"தனியா ஓடி ஓடி என் வேகம் எனக்கே தெரியலம்மா. நாலு பேரோட ஓடினாத்தான் தெரியும். ஊர்ப் போட்டியில ஓட்டம் வைக்கச் சொல்லு. நீ போன்ல டைம் மட்டும் பாரு, போதும்" என்றாள். பரிசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மன்றத்துச் செயலாளர் அருண்குமார் என் கொழுந்தன். மைக்கும் அவன் கையில்தான் இருக்கும். அவனிடம் போய் நின்றேன்.

"பொம்பளப் புள்ளைங்க ஓடுறத யாரு மதினி பாக்கப் போறா?"

"நான் பாக்குறேன். நீ போடு."

மைதானத்தை இரண்டு சுற்று என்று முடிவானது. காலை பத்து மணிக்கு என்றார்கள். பிறகு சைக்கிள் போட்டி முடியட்டும் என்றார்கள். பிறகு கபடி கால் இறுதி. பிள்ளைகள் ஆறு பேரும் வயிற்றை நிரப்பாமல் வேப்பமரத்தடியில் காத்துக் கிடந்தார்கள். சுண்ணாம்புக் கோட்டின் மேல் யாரோ பைக்கை நிறுத்தியிருந்தார்கள். நானே தள்ளி ஓரமாக விட்டேன். இளிச்சவாயன் தலையில் மிளகாய் அரைப்பது என்றால் இதுதான்.

மூன்று மணி வெயிலில் ஒருவழியாக விசில் ஊதினார்கள். நான் போனில் விரலை அழுத்தினேன். எதிர்த் தெரு சிவரஞ்சனி முதலில் பாய்ந்தாள். அன்புமொழி நாலாவதாகப் போனாள். பக்கத்தில் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். எனக்குத் தெரியும், அவள் சரியாகத்தான் ஓடுகிறாள். முதல் சுற்றில் அடக்கி வைத்து இரண்டாவது சுற்றில் விடுவது அவள் கணக்கு.

முதல் சுற்று முடியப்போகிற நேரத்தில் சிறப்பு விருந்தினரின் கார் வந்தது.

"சிறப்பு விருந்தினர் வந்துட்டாங்க. பெண்கள் ஓட்டம் ஒரு ரவுண்டோட முடியுது. கபடி வீரர்கள் களத்துக்கு வரவும்" என்று அருண்குமார் மைக்கில் கத்தினான்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாயிற்று. இரண்டு பையன்கள் அவசரமாக ரிப்பனை இழுத்துப் பிடித்தார்கள். சிவரஞ்சனி நெஞ்சில் ரிப்பனோடு முழித்துக்கொண்டு நின்றாள். என் மகள் நாலாவது. ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே தோற்றுப்போனாள்.

நான் மேடையில் ஏறிவிட்டேன்.

"பாதி ஓட்டத்துல கோட்ட மாத்துறீங்களே, ஒங்க கபடிய ஆறு நிமிஷத்துல நிறுத்துனா சும்மா இருப்பீங்களா?"

"மதினி, பெரியவங்க முன்னாடி சத்தம் போடாதீங்க. ஆறு புள்ளைக்கும் டிபன் பாக்ஸ் குடுத்துடுறோம்."

"ஒன் டிபன் பாக்ஸத் தூக்கிக் கண்மாயில போடு!"

அதற்குள் சிறப்பு விருந்தினர் மைக்கை வாங்கிக்கொண்டார். விளையாட்டு இல்லாத சமுதாயம் உயிரில்லாத உடல் என்றார். விளையாட்டுதான் நமக்கு ஒழுக்கத்தையும் சமத்துவத்தையும் கற்றுக்கொடுக்கிறது என்றார். கூட்டம் கைதட்டியது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மைக்குக்குப் பக்கத்தில் போய், "அந்த விளையாட்டத்தாங்க ஒங்களுக்காகப் பாதியில நிறுத்திப்புட்டாங்க" என்றேன். ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்டது. அருண்குமார் என் கையைப் பிடித்து இழுத்தான். நான் உதறினேன். இன்னும் என்னென்னவோ பேசினேன். எல்லாம் நியாயமான பேச்சுதான்.

கூட்டத்தில் திடீரென்று விசில் பறந்தது. எனக்கென்று நினைத்துத் திரும்பினேன். எனக்கு இல்லை.

அன்புமொழி நின்றிருக்கவே இல்லை. ரிப்பனோடு நின்ற சிவரஞ்சனியைத் தாண்டி இரண்டாவது சுற்றுக்குப் போயிருக்கிறாள். அதைப் பார்த்துச் சிவரஞ்சனி ரிப்பனை எறிந்துவிட்டுப் பின்னால் ஓட, மற்றவர்களும் ஓடியிருக்கிறார்கள். நான் திரும்பியபோது என் மகள் எல்லோருக்கும் முன்னால் கோட்டைத் தாண்டி, முழங்காலில் கையூன்றி இரைத்துக்கொண்டிருந்தாள். மேடையிலிருந்து இறங்கி ஓடினேன்.

"எவ்வளவும்மா?"

கையிலிருந்த போனைப் பார்த்தேன். எண்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

அவளும் எட்டிப் பார்த்தாள். "நீயும் பாக்கலையா?"

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டவனிடம் நான் பார்க்கிறேன் என்று சொன்னவள் நான். அவனோடு மல்லுக்கு நின்று அவளைக் கோட்டைவிட்டேன். என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல.

அவள் தண்ணீரைக் குடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சிவா, இன்னொரு தடவ ஓடலாமாடி?"

சிவரஞ்சனி மேடையைப் பார்த்தாள், கபடிக்காரர்களைப் பார்த்தாள், பிறகு நழுவிக்கொண்டிருந்த துப்பட்டாவைத் தாவணியைப் போல இறுக்கிக் கட்டினாள். ஆறு பேரும் மறுபடி கோட்டில் வந்து நின்றார்கள்.

"மதினி! புள்ளைங்கள அங்கிட்டுப் போகச் சொல்லுங்க. ஒங்களாலதான் இவ்வளவு அசிங்கம்" என்று அருண்குமார் மேடையிலிருந்து கத்திக்கொண்டே இறங்கி வந்தான். அவனுக்குச் சொல்ல என் நாக்கில் ஒரு மூட்டை பதில் இருந்தது.

விசில் ஊத ஆள் இல்லை. "ஓடுங்கடி!" என்றேன். விரலை அழுத்தினேன்.

அவன் என் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்று கத்தினான். நான் திரும்பவே இல்லை. என் மகள் நாலாவதாகப் போய்க்கொண்டிருந்தாள்.