சாட்சி இடத்துக் கிறுக்கல்

...அந்தக் கிறுக்கலை வேறு யாராலும் அடையாளம் கண்டுபிடிக்க முடியாதுதான், வக்கீலம்மாவே நேற்று சம்மதப் படிவத்தின் நகலை இரண்டு முறை புரட்டிவிட்டு ஒன்றும் கேட்காமல் மூடிவிட்டாள், அப்புறம் என்ன, வாயை மூடிக்கொண்டிருந்தால் போகிறது... என்று நினைக்கும்போதே அவளுக்குத் தன்மேல் எரிச்சல் வந்தது. விசாரணைக் குழுவின் அறைக்கு வெளியே, இரும்பு பெஞ்சில், மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வருஷம் பிரசவ வார்டு நர்ஸ், வேலையை விட்டபின் இந்த ஐந்து வருஷமாக, பெண்களைக் கேட்காமல் அவர்கள் உடம்பில் கை வைக்காதீர்கள் என்று ஊர் ஊராகக் கத்துகிறவள், பழைய சிநேகிதிகள் கேலியாக வைத்த பெயர் மைக் சிஸ்டர், அதுகூடப் பிடித்துத்தான் இருந்தது... இன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொள்ளப் பார்க்கிறாள்.

பக்கத்தில் புகார் கொடுத்த தையல்காரி கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள். முதல் பிரசவத்தின்போதே அவளைக் கேட்காமல் காப்பர்-டி வைத்துவிட்டார்கள், அது தெரியாமல் இரண்டாவது பிள்ளைக்காக ஆறு வருஷம் ஏங்கி, மாமியார் வாயில் விழுந்து எழுந்து, கடைசியில் வயிற்றுவலிக்கு எடுத்த ஸ்கேனில்தான் விஷயம் வெளியே வந்தது. ஆனால் மருத்துவமனை காட்டுகிற சம்மதப் படிவத்தில் அவளுடைய கட்டைவிரல் ரேகை இருக்கிறதே... கையெழுத்துப் போடத் தெரிந்தவளுக்கு ரேகை எதற்கு? எதற்கென்று மைக் சிஸ்டருக்குத் தெரியாதா? வலி உச்சத்தில் பேனா பிடிக்க வராது, டாக்டர் வருவதற்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும், அட்மிஷன் தாள், ஆபரேஷன் தாள், இந்தத் தாள், மூன்றையும் வரிசையாக விரித்து, விரலை மையில் ஒற்றி, டக் டக் டக்... வார்டில் எல்லோரும் அப்படித்தான், அதிலும் அவள் கெட்டிக்காரி, ஒரு ரேகைகூட ஈஷிக்கொண்டதில்லை என்று தலைமை நர்ஸ் மெச்சியபோது பூரித்துப்போனாளே, பாவி. சாட்சி என்ற இடத்தில் இருக்கும் கிறுக்கல் இந்த மைக் சிஸ்டருடையது. உள்ளே போய் அதைச் சொன்னால் மருத்துவமனையால் மறுக்க முடியாது, இந்தப் பெண் ஜெயிப்பாள், ஆனால் அதற்கப்புறம் இவள் முகத்தில் எப்படி முழிப்பது?

"அக்கா, உங்களை எனக்கு முன்னாடியே தெரியும்," என்றாள் தையல்காரி. "அன்னைக்கு வார்டுல இருந்தது நீங்கதானே. முதல் கூட்டத்துலயே கண்டுபிடிச்சிட்டேன்."

தெரிந்துமா இத்தனை நாள்...

"ஒருத்தரும் கிட்ட வரல. நீங்கதான் வந்து என் கையைப் பிடிச்சீங்க. அதனாலதான் நீங்க கூப்பிட்டதும் நம்பி வந்தேன்."

கதவு திறந்தது, உள்ளே வரச் சொன்னார்கள். அவள் எழுந்தாள், எழுந்தவள் நகரவில்லை, இவளிடம் சொல்லாமல் அவர்களிடம் முதலில் சொல்வது என்ன நியாயம்...

"உள்ள நான் சொல்லப்போறதை முதல்ல நீ கேட்டுக்கோம்மா. நான் கையைப் பிடிச்சது ரேகை வாங்கத்தான்."

தையல்காரி கைக்குட்டையைச் சுருட்டுவதை நிறுத்தினாள். கோபமா, புரியவில்லையா, ஒன்றும் தெரியவில்லை.

"இல்லையே," என்றாள். "ரொம்ப நேரம் பிடிச்சிருந்தீங்களே."

மூன்று தாளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்... மூன்றாவது ரேகை விழுந்ததும் அந்தக் கையை விட்டுவிட்டாளா, இல்லை அப்புறமும் பிடித்துக்கொண்டுதான் இருந்தாளா... அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அவளுக்கு அது ஞாபகம் வரவே இல்லை.