சோகுன்லேயின் கையால் மூன்று சாவு

சோகுன்லேயின் கையால் சாவது அசாபிக்கு இது மூன்றாவது முறை. அதனால் மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்குப் பதற்றம் எதுவும் இல்லை. இடுப்பு வலிதான் இருந்தது. படப்பிடிப்பு நடக்கும் இசேயின் ஊருக்கு வரும் சாலையின் பள்ளம் மேடெல்லாம் அவள் முதுகெலும்பில் இறங்கியிருந்தது.

சோகுன்லே என்றால் யாரென்று யோருபா நாட்டில் யாரிடமும் சொல்லத் தேவையில்லை. படத்தைப் பார்க்காதவர்கள்கூடத் தகராறு பிடித்த கொழுந்தனை "போடா சோகுன்லே" என்றுதான் திட்டுவார்கள். பட்டத்துக்கு ஆசைப்பட்டுத் தம்பியைக் கொன்றவன். கொன்றதைக் கண்டுகொண்ட தம்பி மனைவிக்குச் சுரைக்குடுக்கையில் நஞ்சு கலந்த தண்ணீரை நீட்டி, "குடி, வெயில் கொளுத்துது" என்று சொல்லுவான். அந்த ஒரு வரிக்காகவே ஜனங்கள் கொட்டகைக்குப் போனார்கள்.

முதலில் அந்த வரியைச் சொன்னவர் ஒயேவோலே. ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட குழுவின் தலைவர். ஆள் இரும்புக் கதவு மாதிரி இருப்பார். குழுவே காசைத் திரட்டிப் பிலிமில் எடுத்த படம் அது. அசாபி அப்போது குழுவுக்குப் புதியவள், தம்பி மனைவியாக நடித்தாள். நஞ்சுக் காட்சி எடுத்த அன்று ஒயேவோலே காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. மரத்தடியில் தனியாக உட்கார்ந்து மந்திரம் மாதிரி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். காமிரா ஓடத் தொடங்கியதும் அவர் "குடி" என்று போட்ட சத்தத்தில் கூரைமேல் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. அசாபி பயந்துபோய் ஒரே மூச்சில் குடித்தது நடிப்பே இல்லை. படம் வந்த பிறகு ஒஷோக்போ சந்தையில் மிளகாய்க்காரிகள் அவருக்கு வியாபாரம் பண்ண மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒருத்தி கூடை மூடியைத் தூக்கி அவர்மேல் எறிந்தாள். அதைக் குனிந்து எடுத்து, தூசி தட்டி, அவளிடமே கொடுத்துவிட்டு, அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார் மனுஷன்.

பிறகு வீடியோ காலம் வந்தது. ஒயேவோலே இறந்துபோயிருந்தார். பன்ஜியைப் போட்டு அதே கதையை மறுபடி எடுத்தார்கள். தம்பி மனைவியாக வேறு யாரையும் ஜனங்கள் ஏற்க மாட்டார்கள் என்று அசாபியையே கூப்பிட்டார்கள். பன்ஜி அழகன். அவன் சிரித்தால் கோபமாக இருக்கிறவர்களுக்கே சிரிப்பு வந்துவிடும். சோகுன்லேயாக நடித்தபோதும் அதே சிரிப்பைத்தான் சிரித்தான். குரலை உயர்த்தவே இல்லை. "குடி, வெயில் கொளுத்துது" என்று விருந்தாளியை உபசரிப்பதுபோலச் சொல்லிவிட்டு, ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்துத் தோல் அறுந்துபோகாமல் உரிக்க ஆரம்பித்தான். அவள் துடித்துச் சாகும்வரை அவன் கண் பழத்தைவிட்டு நகரவில்லை.

அன்றைக்குத் தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை. முடிவெட்டும் கடையிலும் பஸ் நிலையத்திலும் ஒயேவோலே கட்சி, பன்ஜி கட்சி என்று பிரிந்து தொண்டை கிழியக் கத்துவார்கள். அசாபியைப் பார்க்கிற எல்லோருக்கும் கேட்க ஒரே கேள்விதான்: "அம்மா, ரெண்டு பேர்ல யார் பெரிய ஆளு?" அவள் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவாள். அவளுக்கே பதில் தெரியாது.

இப்போது மூன்றாவது சோகுன்லே. சுலைமோன் என்ற பெயர் எவருக்கும் தெரியாது. தோடோ என்றால் தெரியும். தோடோ என்கிற வறுத்த வாழைப்பழத்துண்டைத் திருடித் தின்று மாட்டிக்கொள்கிற வேலைக்காரனாகக் கைப்பேசி வீடியோக்களில் வருவானே, அவன்தான். அவனைப் பார்த்தாலே ஜனங்கள் சிரிப்பார்கள். அவனைச் சோகுன்லேயாகப் போட்டிருக்கிறார்கள் என்ற செய்தி வந்த அன்று நாடே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

டைரக்டர் அபிடெமி கதையில் ஒரு மாற்றமும் செய்திருந்தாள். அசாபிக்கு இனித் தம்பி மனைவி வேடம் பொருந்தாது. அதனால் இந்தப் படத்தில் சோகுன்லேயின் ரகசியத்தைக் கண்டுகொள்வது அவனைப் பெற்ற தாய். குடுக்கை தாயிடம் நீட்டப்படும். தாய் ஒன்றும் அறியாமல் குடிப்பாள், குடித்த பிறகுதான் புரிந்துகொள்வாள் என்று எழுதியிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் மாமரத்தடியில் அமலாக் களியும் கீரைக் குழம்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பன்ஜியும் இருந்தான். ஒரு சின்ன ராஜா வேடத்துக்கு அவனை அழைத்திருந்தார்கள். தொப்பை போட்டுவிட்டது, சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"அசாபி, இன்னிக்கு உன்னைக் கொல்லப் போறது அந்தக் கோமாளிப் பயலா?" என்றான்.

"ஏன், உனக்குப் பொறாமையா?"

"பொறாமை என்ன பொறாமை? ஒயேவோலே கையால செத்தே, கௌரவம். என் கையால செத்தே, அதுவும் கௌரவம். இவன் கையால செத்தா ஜனங்க உன் சாவுக்குக் கைகொட்டிச் சிரிப்பாங்க, அதான் எனக்கு வருத்தம்."

மேக்கப் போடும் ரொன்கே அமலா உருண்டையை விழுங்கிவிட்டு, "அண்ணே, நீங்க பழம் உரிச்சதை விட்டா அந்தப் படத்துல வேற என்ன பண்ணினீங்க?" என்று கேட்டாள்.

"அடிப் பாவி! அந்தப் பழத்துக்காக ரெண்டு கூடை ஆரஞ்சு உரிச்சுப் பழகினேன்டி. விரலெல்லாம் எரிச்சல்."

"எங்க அப்பா ஒயேவோலே கட்சி. உங்க பேரைச் சொன்னாலே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிட்டு எழுந்துருவாரு."

"உங்க அப்பனைக் கண்டாச் சொல்லு, அவரு கட்சித் தலைவர் என் நடிப்பைப் பார்த்துக் கல்லறையிலேர்ந்து அலறி எழுந்தாராம்."

எல்லோரும் சிரித்தார்கள். சற்றுத் தள்ளிக் கல்மேல் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த தோடோவும் சிரித்தான். எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கிறது என்று அசாபிக்குத் தெரிந்தது. அவளுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

சாப்பிட்டு முடித்துக் காட்சி எடுத்தார்கள். மண் சுவர் வைத்த முற்றம். தாய் பலகையில் உட்கார்ந்து முலாம்பழ விதை உரித்துக்கொண்டிருக்கிறாள். மகன் குடுக்கையோடு வருகிறான். வந்த தோடோ மார்பை நிமிர்த்தி, கண்ணை உருட்டி, ஒயேவோலேயின் குரலில் "குடி!" என்று முழங்கினான். முழக்கத்தின் நடுவில் குரல் உடைந்து கீச்சென்றது. லைட் பிடித்திருந்தவன் சிரிப்பை அடக்கத் தெரியாமல் விளக்கோடு குலுங்கினான். அடுத்த தடவை தோடோ பன்ஜி மாதிரி சிரித்துப் பார்த்தான். அதைப் பார்த்து டைரக்டரே முகத்தை மூடிக்கொண்டாள்.

"கட். கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கலாம்" என்றாள் அபிடெமி.

தோடோ எங்கேயும் போகவில்லை. அசாபியின் பலகைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"குடுக்கையை நீட்டும்போது அவங்க ரெண்டு பேரும் உங்களை எப்படிப் பார்த்தாங்க?"

இதுவரை யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. அசாபி விதைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஒயேவோலே என்னை எதிரியாப் பார்த்தாரு. நான் சின்னப் பொண்ணு, என்மேல அவ்வளவு கோபம் எதுக்குன்னு இருந்துச்சு. பன்ஜி என்னைப் பார்க்கவே இல்லை. நான் அங்க இருந்ததே அவனுக்கு ஞாபகம் இல்லை."

"ரெண்டு பேருக்கும் நீங்க தம்பி பொண்டாட்டி."

"ஆமா."

"எனக்கு நீங்க அம்மா" என்றான் தோடோ. அவளிடம் சொன்னதாகத் தெரியவில்லை. எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றான். மறுபடி டைரக்டர் கூப்பிட்டபோது, வசனத்தை மறந்துவிட்டாயா என்று ரொன்கே கேட்டாள். அவன் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காமிரா ஓடியது. சோகுன்லே முற்றத்துக்குள் வந்தான். வந்தவன் குடுக்கையை ஓரமாக வைத்துவிட்டு, தினமும் காலையில் வணங்கும் மகனைப்போல, தாயின் முன் நெஞ்சு தரையில் படக் குப்புற விழுந்து வணங்கினான். வசனத் தாளில் அது இல்லை. அசாபி திகைக்கவில்லை, பிள்ளை விழுந்து வணங்கினால் எந்தத் தாயின் வாயும் தானாகத் திறக்கும். "நல்லா இருப்பே, நீண்ட ஆயுசோட இருப்பே, உன் பிள்ளைங்க உன்னை..." என்று ஆசீர்வதிக்கத் தொடங்கினாள்.

அவன் எழுந்து மண்டியிட்டான். குடுக்கையை எடுத்தான். அதன் வாயில் தூசி ஒட்டியிருந்தது. தன் சட்டைக் கையால் அதை மெதுவாக, முழுக்கத் துடைத்தான். ஒரு துளி மண்கூடத் தாயின் உதட்டில் படக்கூடாது என்று துடைத்தான்.

பிறகு அவளைப் பார்த்தான். அந்த முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. அம்மா நீ காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்கிற முகம் அது. அவளுக்காக அந்த முகம் வருந்தியது. வருந்திக்கொண்டே குடுக்கையை நீட்டியது.

"குடிம்மா" என்றான். "வெயில் கொளுத்துது."

அசாபியின் வாயில் ஆசீர்வாதம் பாதியில் நின்றது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியக்கூடாது என்றுதான் எழுதியிருந்தது, ஆனால் இந்த முகத்தைப் பெற்றவளுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? இத்தனை வருஷம் சோகுன்லேயைக் கெட்டவன் என்று நினைத்திருந்தாள். இவன் தன்னை நேசிக்கிறான், நேசித்துக்கொண்டே கொல்கிறான். முற்றமும் காமிராவும் மறந்துபோயின. அவள் குடுக்கையை வாங்கினாள். இன்னொரு கையை அவன் தலைமேல் வைத்தாள். நிறுத்திய இடத்திலிருந்து ஆசீர்வாதத்தைத் தொடர்ந்தாள். "...உன் பிள்ளைங்க உன்னைக் கைவிடாம இருக்கட்டும்." சொல்லி முடித்துவிட்டு, மகனைப் பார்த்தபடியே, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

கட் என்று யாரும் சொல்லவில்லை. அபிடெமி சொல்ல மறந்துவிட்டாள். லைட்காரன் சிலையாக நின்றான். வேலிக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்களில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தோடோ மண்டியிட்ட இடத்திலேயே இருந்தான், தலையில் அவள் கையோடு.

பன்ஜிதான் முதலில் அசைந்தான். முற்றத்துக்குள் நடந்துவந்து, தோடோவின் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான்.

"எங்க இருந்துடா பிடிச்சே?" என்று கேட்டான்.

"தெரியலைண்ணே" என்றான் தோடோ. "நீங்களும் ஒயேவோலேயும் போகாத வழி எதுன்னு தேடினேன். அது மட்டும்தான் திறந்திருந்துச்சு. உள்ள போனா, திரும்பி வரத் தெரியலை." ரொன்கே ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். அந்தத் தண்ணீரை அவன் வாங்கிக் குடிக்க வெகுநேரம் ஆனது.

படம் மழைக்காலத்தில் இபாதானில் வெளியானது. முதல் காட்சிக்கு வந்த கூட்டம் சிரிக்கத் தயாராகத்தான் வந்திருந்தது. தோடோவின் முகம் திரையில் தெரிந்ததும் விசில் பறந்தது. சோளப்பொரியை வாரி வாயில் போட்டார்கள். போகப் போகச் சத்தம் குறைந்தது. குடுக்கையைச் சட்டைக் கையால் துடைக்கும் இடம் வந்தபோது கொட்டகையில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. அசாபி திரையைப் பார்க்கவில்லை. இருட்டில் பக்கத்து முகங்களைப் பார்த்தாள். ஒயேவோலேக்கு இந்த ஜனங்கள் கூச்சலிட்டார்கள். பன்ஜிக்கு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். இவனுக்கு என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. வாய் திறந்தபடி, கிணற்றின் ஆழத்தை எட்டிப் பார்ப்பவர்களைப்போல உட்கார்ந்திருந்தார்கள்.

வெளிக் கூடத்தில் கூட்டம் தோடோவைச் சூழ்ந்துகொண்டது. ஆனால் யாரும் அவனை இடிக்கவில்லை. சுற்றிலும் கையகலம் இடம் விட்டே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தூணோரம் புதுத்துணியில் தலைக்கட்டுக் கட்டிய ஒரு பெண்மணி தனியாக நின்றிருந்தாள். ஒக்போமோஷோவிலிருந்து வந்திருந்த தோடோவின் தாய். அசாபி போய் முழங்கால் மடக்கி வணக்கம் சொன்னாள்.

"நீங்கதானே அந்தத் தண்ணியைக் குடிச்சது?" என்றாள் அந்தத் தாய்.

"நான்தான்."

"என் பிள்ளைக்கு இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"நான் உங்களைக் கேக்கணும்னு இருந்தேன்மா."

"வீட்ல கோழி அறுக்கச் சொன்னா அடுத்த வீட்டுக்குப் போய் ஒளிஞ்சுக்குவான். விருந்து வந்தா நான்தான் அறுக்கணும்." அவள் குரலில் பெருமையும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. "இத்தனை வருஷம் என் வீட்ல சாப்பிட்டு வளர்ந்தவன். எனக்குத் தெரியாத ஒரு ஆளு அவனுக்குள்ள இருந்திருக்கான், பாருங்க."

"ஒயேவோலேகூடயும் பன்ஜிகூடயும் நடிச்சவ நான். அந்த ஆளை நானும் இப்பதான் பார்க்கிறேன்" என்றாள் அசாபி.

கூட்டத்துக்கு நடுவில் யாரோ கேட்டதற்காகத் தோடோ பழைய வேலைக்காரன் மாதிரி கண்ணை உருட்டிக் காட்டினான். எல்லோரும் நிம்மதியாகச் சிரித்தார்கள். அவன் தாய் சிரிக்கவில்லை. மகனைக் கூப்பிடவும் இல்லை. அசாபியின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கேயோ தூரத்தில் நிற்கிற பெரிய மலையைப் பார்ப்பதுபோல அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அசாபியும் நகரவில்லை.